துப்பாக்கி வராத வேட்டை: லிம்போபோ நாட்குறிப்பு

2025 ஜூலை 4, வெள்ளி. நுவரெலியா – கட்டுநாயக்க

நான் ஆபிரிக்காவுக்கு வேட்டைக்குப் போய் வந்தேன் என்றால் ஹட்டனில் யாரும் நம்புவதில்லை. துப்பாக்கியைக் கையால் தொட்டுக்கூடப் பார்க்காதவன் நான், சுற்றுலாக்காரர்களுக்கு வான் ஓட்டுகிறவன். எல்லாம் நோர்வே மாமாவால் வந்தது. அம்மாவின் கடைசித் தம்பி. பொகவந்தலாவையில் லயத்தில் பிறந்து, நோர்வேக்குப் போய் பஸ் ஓட்டி, அங்கேயே வேட்டைப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி, வருடா வருடம் எல்க் என்ற பெரிய மான் சுடப் போகிறவர். அந்த நாட்டில் பெரிய மிருகம் சுட வேண்டுமென்றால் ஒருமுறை பரீட்சை எழுதினால் போதாது, ஒவ்வொரு வருடமும் குறி பார்த்துச் சுட்டுக் காட்டவும் வேண்டுமாம். இந்த வருடம் அவரும் வேலைத்தலத்து நண்பர்கள் இருவரும் தென்னாபிரிக்காவுக்கு என்று முடிவாகி, கண்டியில் லொறி வைத்திருக்கும் அவருடைய பழைய பள்ளிக்கூடத் தோழரும் சேர்ந்து, "நீயும் வாடா, ஊர்க்காரன் ஒருத்தன் கூட இருந்தா நல்லா இருக்கும்" என்று என்னையும் இழுத்துவிட்டார். சுடாமல் கூட வருபவருக்கும் அங்கே நாள் கட்டணம் உண்டு, 150 டொலர். அதுவும் மாமாதான்.

நுவரெலியாவில் கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கேதான் மேஜர் ரொஜர்ஸ் கிடக்கிறார். 1,400 யானைக்கு மேல் சுட்டவர் என்பார்கள், 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் விழுந்து செத்தார். கேட்கும் வெள்ளைக்காரர்களைக் கூட்டிப் போய்க் காட்டுவேன். அவர் செத்த பிறகு நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற துரை இந்தக் காடுகளில் நாய்களை விட்டு மரை வேட்டையாடினார், அப்புறம் ஆபிரிக்கா போய் 1864இல் அல்பர்ட் ஏரியைக் 'கண்டுபிடித்தார்'. அந்த ஏரிக்கரையில் அதற்கு முன்பும் ஆட்கள் மீன் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள், அது வேறு கதை. இந்தத் துரைமாருக்கு யானை எங்கே நிற்கிறது என்று காட்டிக் கொடுத்தவன் யார் என்று மட்டும் எந்தக் கல்லிலும் எழுதவில்லை.

கினிகத்தேனை இறக்கத்தில் மழை கண்ணாடியை மூடிவிட்டது. கித்துல்கலையில் நிறுத்திச் சோறும் பலாக்காய்க் கறியும். கண்டி அண்ணன் புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார், வழியெல்லாம் அதைப் பற்றியே பேச்சு.

ஜூலை 5, சனி. ஜொஹன்னஸ்பர்க்

நாங்கள் இரண்டு பேரும் கொழும்பிலிருந்து, மாமாவின் கூட்டம் ஒஸ்லோவிலிருந்து, சந்திக்கும் இடம் ஜொஹன்னஸ்பர்க். ஆட்கள் எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். மாமாவின் துப்பாக்கிப் பெட்டி வரவில்லை. இடையில் விமானம் மாறிய இடத்தில் ஏற்றாமல் விட்டிருக்கிறார்கள், எங்கே நிற்கிறது என்று கவுண்டரில் இருந்த பெண்ணுக்கே தெரியாது. "வரும், ஆனால் எப்போது என்று சொல்ல மாட்டேன்" என்று சிரித்த முகத்தோடு சொன்னார். சிரிக்காமல் சொல்லியிருந்தால் மாமா கத்தியிருப்பார்.

வந்த இரண்டு துப்பாக்கிகளுக்கும் விமான நிலையத்திலேயே பொலிஸ் அறையில் தற்காலிக அனுமதி எடுக்க வேண்டும். அந்தப் படிவத்தைக் கறுப்பு மையில்தான் நிரப்ப வேண்டும், கையெழுத்தை அதிகாரியின் முன்னால்தான் போட வேண்டும். நோர்வேக்காரரில் ஒருவர் வீட்டிலிருந்தே நீல மையில் அழகாக நிரப்பிக்கொண்டு வந்திருந்தார். அதிகாரி ஒரு வார்த்தை பேசாமல் புதுப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார். நாங்கள் எல்லோரும் வாங்கில் உட்கார்ந்து, அந்த மனிதர் தன் துப்பாக்கியின் இலக்கத்தை இரண்டாம் முறை எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எங்களை ஏற்ற வந்த டிரைவர் இந்திய வம்சாவளி, டர்பன் பக்கம். அவருடைய முப்பாட்டன் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவராம். முதல் கப்பல் மதராஸிலிருந்து 1860இல் டர்பனுக்கு வந்தது என்று தேதியோடு சொன்னார், நவம்பர் 16. எங்கள் ஆட்கள் அதற்கும் முன்பே கோப்பிக்காக மன்னாரில் இறங்கி நடந்தவர்கள் என்று நான் சொல்ல, வானை ஓட்டிக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தார், எனக்குத்தான் பயமாக இருந்தது. அவருக்குத் தமிழ் வராது. ஆனால் வருடம் தவறாமல் காவடி எடுக்கிறார். போர்ட்ஸ்பர்க் என்ற பகுதிக்குக் கூட்டிப் போய் 'பனி சோ' வாங்கித் தந்தார். பாணை வெட்டி நடுவைத் தோண்டி அதற்குள் ஆட்டிறைச்சிக் கறியை ஊற்றி, தோண்டிய துண்டை மூடியாக வைத்துத் தருகிறார்கள். கால் பாண் 110 ராண்ட், நம் காசில் 1,900 ரூபா அளவில். கறி நல்ல உறைப்பு. காசு கொடுக்க விடவில்லை மனிதர்.

ஜூலை 6, ஞாயிறு. வடக்கு நோக்கி

நெடுஞ்சாலை லிம்போபோ மாகாணத் தலைநகரான பொலொக்வானே வரை நூல் பிடித்தமாதிரிப் போகிறது. வளைவே இல்லாத ரோட்டில் எனக்குத் தூக்கம் வரும் என்று அன்றுதான் தெரிந்தது. பொலொக்வானேக்கு அப்பால் ரோட்டோரம் மகரக் கோட்டுக்கு ஓர் அடையாளம் வைத்திருக்கிறார்கள், இறங்கிப் போட்டோ எடுத்தோம். அங்கேயே ஒரு அம்மா மொப்பானி மரத்தில் பிடித்துக் காயவைத்த புழுவைக் கிண்ணத்தில் அளந்து விற்றுக்கொண்டிருந்தார். கண்டி அண்ணன் ஒரு கிண்ணம் வாங்கினார். ஒன்றுதான் தின்றார். மிச்சத்தை டிரைவர் முடித்துவிட்டார்.

ஆல்டேஸ் என்ற சின்ன ஊரைத் தாண்டி மண் ரோட்டில் இறங்கினால் சிவப்புப் புழுதி, இலை காய்ந்த மொப்பானிக் காடு, இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேலே கம்பி வேலி. வேலிக்குள்தான் மிருகம். காடு என்று நினைத்துக்கொண்டு போன எனக்கு இது ஒருமாதிரி இருந்தது. 1991இல் வந்த சட்டப்படி, முறையாக வேலி போட்ட காணிக்குள் நிற்கும் காட்டு மிருகம் காணிக்காரரின் சொத்து. அதற்குப் பிறகு இங்கே நிறையப் பேர் மாட்டை விட்டுவிட்டு மான் வளர்க்கத் தொடங்கினார்களாம். விற்பதற்கு விலை இருப்பதால்தான் மிருகம் இருக்கிறது என்று பண்ணைக்காரர் சொன்னார். எனக்கு அது முழுதாகச் சமாதானமாகவில்லை. ஆனாலும் நுவரெலியாவில் விலையும் இல்லை, யானையும் இல்லை, என்ன பதில் சொல்வது?

பெருக்கமரங்கள்! மன்னார்த் தீவில் அரேபியர் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லும் அதே மரம். மன்னாரில் ஒற்றை மரத்துக்குச் சுற்றுமதில் கட்டி வைத்திருக்கிறார்கள், இங்கே வேலிக்கு வேலி நிற்கிறது.

இரவு சாப்பாடு 'பாப்' என்ற சோள மாக்களி, குடு மான் இறைச்சி போட்டு இரும்புச் சட்டியில் மணிக்கணக்கில் வேகவைத்த கறி. உப்பு இருக்கிறது, மிளகு இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. சாப்பிட்டதும் விலைப்பட்டியலைக் கொடுத்தார்கள். இம்பாலா மான் 400 டொலர், காட்டுப் பன்றி இனம் ஒன்று 350, மாடு மாதிரி இருக்கும் நீல வில்டபீஸ்ட் மான் 1,000, குடு 2,200. அடியில் தடித்த எழுத்தில் ஒரு வரி: இரத்தம் கசிந்தால் காசு. சுட்டு, காயம்பட்டு, ஓடி, கிடைக்காமல் போனாலும் முழு விலை.

ஜூலை 7, திங்கள்

காலை ஐந்தரைக்கு எழுப்பினார்கள். ஆறு பாகை குளிர். நோர்வேக்காரர்கள் அரைக்கைச் சட்டையோடு நிற்க, நானும் கண்டி அண்ணனும் குரங்குத் தொப்பி, கம்பளிச் சட்டை, அதன்மேல் ஜாக்கெட். நுவரெலியாக்காரனுக்குக் குளிராது என்று மாமா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். பத்து மணிக்கு எல்லாவற்றையும் கழற்ற வேண்டிய வெயில். அட்டை இல்லாத காட்டில் நடப்பது எனக்குச் சொர்க்கமாக இருந்தது, சாயங்காலம் கணுக்காலில் கடுகு அளவு உண்ணிகளைக் காணும் வரைக்கும்.

முதலில் துப்பாக்கி சரி பார்க்கும் வேலை, கடதாசிக் குறியில். மாமாவுக்குப் பண்ணையின் வாடகைத் துப்பாக்கி, 308 குண்டு போடும் பழைய ரைஃபிள். தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது என்னோடது மாதிரி இல்ல" என்றார். அன்று முழுக்க அதையே சொன்னார்.

கூட்டத்துக்குத் தலைவர் லைசென்ஸ் உள்ள வேட்டைக்காரர், எல்லோரும் 'பி.எச்.' (புரொபெஷனல் ஹன்டர்) என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவருக்கு முன்னால் நடப்பவர் தடம் பார்க்கிறவர். ஐம்பது தாண்டிய ஆள், பச்சை ஓவர்கோல், ரப்பர் சப்பாத்து, கையில் ஒரு குச்சி. பெயர் சொன்னார், இங்கே எழுத அனுமதி கேட்கவில்லை, ஆகவே பெரியவர் என்றே எழுதுகிறேன். எங்களில் யாருக்கும் தெரியாத இடத்தில் அவர் நிற்பார், குச்சியை மண்ணில் லேசாக நீட்டுவார். பி.எச். மூன்று கால் தாங்கியை விரிப்பார், சுடுகிறவர் துப்பாக்கியை அதில் வைப்பார். அன்று கண்டி அண்ணன் ஒரு இம்பாலாவைச் சுட்டார். எண்பது மீட்டர் இருக்கும். சுட்டு முடித்து அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. புதுச் சப்பாத்து இரண்டு குதிகாலையும் கடித்திருந்தது, அதைத்தான் முதலில் கழற்றினார்.

ஜூலை 8, செவ்வாய்

மோசமான நாள். நோர்வே நண்பர்களில் உயரமானவர் ஒரு வில்டபீஸ்டைச் சுட்டார், குண்டு பின்னால் போய் வயிற்றில் பட்டது. அது விழவில்லை, கூட்டத்தோடு கலந்து ஓடிவிட்டது. பி.எச். ஆங்கிலம் அல்லாத மொழியில் ஒரு வார்த்தை சொன்னார், மொழி தெரியாமலே விளங்கியது.

அரை மணி நேரம் அசையாமல் இருக்கச் சொன்னார்கள். உடனே துரத்தினால் இன்னும் தூரம் ஓடுமாம். பிறகு பெரியவர் தொடங்கினார். முதல் நூறு மீட்டரில் இரத்தம் எனக்கும் தெரிந்தது. அப்புறம் இல்லை. அவர் குந்தி உட்கார்ந்து ஒரு புல்லின் அடிப்பக்கத்தைக் குச்சி நுனியால் திருப்பிக் காட்டினார்: இலையின் உள்பக்கம், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், காய்ந்து பழுப்பாகிப்போன ஒரு தீற்றல். நடக்கும்போது வயிறு உரசிய இடம். மேலே நின்று பார்க்கிறவன் கண்ணில் அது ஏழு ஜென்மத்துக்கும் படாது. கூட்டத்தின் குளம்படிகள் இருபது முப்பது ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்த மணலில், ஒரு காலை இழுத்து வைத்த அடியை மட்டும் பிரித்துப் பிரித்து நடந்தார். வழி தப்பினால் திரும்பிக் கடைசிக் குறிக்கு வந்து, அரைவட்டம் போட்டு மறுபடி பிடிப்பார். அவருக்குப் பின்னால் ஒரு சின்ன வெள்ளை நாய், காது ஒன்று கிழிந்தது, காயம்பட்ட மிருகத்தின் வாடைக்கென்றே பழக்கியது. மத்தியானம் தண்ணீர் குடிக்க நின்றபோது, பெரியவர் கீழே கிடந்த பெருக்கங்காய் ஒன்றைக் கல்லில் உடைத்து உள்ளே இருந்த வெள்ளைச் சதையை எங்களுக்குப் பகிர்ந்தார். நல்ல புளிப்பு, நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு மணிக்குப் பிறகு நாய் குரைத்தது. முள்ளுப் புதரில் நின்றுகொண்டிருந்தது வில்டபீஸ்ட், தலையைத் தாழ்த்தி. பி.எச். முடித்துவைத்தார். உயரமானவர் தள்ளிப் போய் ஒரு மரத்தடியில் நின்றுகொண்டார், போட்டோ வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு அவர்மேல் அன்றுதான் மரியாதை வந்தது. பெரியவரிடம் போய்க் கை கொடுத்தார், ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் திரும்பினார்.

ஜூலை 9, புதன்

நான் காட்டுக்குப் போகவில்லை. தோலுரிக்கும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். சீமெந்துத் தரை, சங்கிலிக் கொக்கி, மூட்டை மூட்டையாக உப்பு. இரண்டு பேர் ஒரு இம்பாலாவை உரித்து முடிக்க நான் ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கும் நேரம்தான் ஆனது. தலை மாட்ட வேண்டிய மிருகமென்றால் உதடு, காது, கண்ணிமை எல்லாவற்றையும் சின்னக் கத்தியால் உள்ளே இருந்து பிரித்து உப்பைத் தேய்க்கிறார்கள். ஒரு இமை கிழிந்தால் காசு போச்சு. இறைச்சி குளிர் அறைக்கு. குடலும் ஈரலும் வேலையாட்களுக்கு.

சம்பளம் கேட்டேன், எனக்கு அந்தப் பழக்கம் போகாது. நாட்டுச் சட்டப்படி அப்போது குறைந்த கூலி மணிக்கு 28.79 ராண்ட், தாங்கள் அதற்குக் கொஞ்சம் மேலே என்றார்கள். எட்டு மணி நேரத்துக்குக் குறைந்த கூலியைக் கணக்குப் பார்த்தால் நம் காசில் நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. நம் தோட்டத்தில் அப்போதைய நாள் சம்பளம் 1,350 என்றேன், அதில் ஆயிரத்தை வாங்கவே 2021 வரை வருடக்கணக்காகப் போராடினோம் என்றும் சொன்னேன். ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். மற்றவர், "அங்கே பாண் என்ன விலை?" என்று கேட்டார். சரியான கேள்வி. அங்கே அப்போது ஒரு பாண் 20 ராண்ட் அளவில். குடியிருப்பைக் காட்டினார்கள். வரிசையாக அறைகள், தகரக் கூரை, வெளியே ஒரே குழாய். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

கொட்டகைச் சுவரில் ஆணியில் ஒரு கட்டுக் கம்பி தொங்கியது. பிரேக் கேபிள்கூட இருந்தது அதில். வேலியோரம் வைத்த சுருக்குகள், பெரியவர் கண்ட கண்ட இடத்தில் கழற்றிக் கொண்டுவந்து மாட்டி வைப்பாராம். எங்கள் தோட்டங்களிலும் இதே பிரேக் கேபிள்தான். பன்றிக்கு வைக்கிறார்கள், சிறுத்தை மாட்டுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை அப்படித்தான் மாட்டி, வைத்தியத்துக்கு உடவளவைக்குக் கொண்டுபோயும் பிழைக்காமல் செத்தது. போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். பெரியவர் நீண்ட நேரம் போனைக் கையில் வைத்துப் பார்த்தார். யார் வைத்தது என்று கேட்டார். எங்களைப்போல ஆட்கள்தான் என்றேன். தலையை ஆட்டினார். இங்கேயும் அப்படித்தான் என்றார்.

சாயங்காலம் சமையல் எனக்கு. அம்மா கட்டிக் கொடுத்த வறுத்த மிளகாய்த்தூள், ரம்பை, கறுவாப்பட்டை. இம்பாலா தொடையில் கறி. நோர்வேக்காரர்கள் வியர்த்து வியர்த்துச் சாப்பிட்டார்கள். கொட்டகைக்காரர்களுக்கு ஒரு சட்டி கொடுத்தேன், சட்டி கழுவித் திரும்பி வந்தது, கூடவே பனிக்கட்டி போட்ட ஒரு கோலாப் போத்தல்.

ஜூலை 10, வியாழன். மாபுங்குப்வே

வேட்டைக்கு லீவு. ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் மாபுங்குப்வே தேசியப் பூங்கா. லிம்போபோ ஆறும் ஷாஷே ஆறும் சேரும் இடத்தை மேட்டிலிருந்து பார்க்கலாம், எதிர்க்கரையில் ஒரு பக்கம் பொட்ஸ்வானா, மறுபக்கம் சிம்பாப்வே. ஆறு என்று பெயர், ஜூலையில் பாதிக்கு மேல் மணல். 13ஆம் நூற்றாண்டில் இங்கே ஒரு இராச்சியம் இருந்தது. குன்றின் மேல் அரசனைப் புதைத்த இடத்தில் தங்கத் தகட்டால் செய்த சின்னக் காண்டாமிருகம் கிடைத்தது, அசல் பிரிட்டோரியாவில். இந்துமாக்கடல் வழியாக வந்த கண்ணாடி மணிகளும் கிடைத்திருக்கின்றன. கண்டி அண்ணன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாடகை வீட்டுச் செருப்போடு மரப்படி ஏறினார்.

திரும்பி வந்தால் மாமாவின் துப்பாக்கி! பெட்டி மேசைமேல் கிடந்தது, மூன்று விமான நிலையங்களின் ஸ்டிக்கரோடு. மாமா அதைத் திறந்து, துடைத்து, மறுபடி துடைத்து, இரவு சாப்பாட்டுக்கும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

ஜூலை 11, வெள்ளி

மாமாவுக்கு இந்த வருடம் அறுபது. மாமி திருக்கடையூர் போகலாம் என்றாராம், மாமா குடு என்றிருக்கிறார். ஆகவே இது ஒரு சாதாரண மான் இல்லை.

பெரியவர் விடிகாலையில் தடம் பிடித்தார். ஒன்பது மணிக்கு மேல், சரிவில் மொப்பானி நிழலில் அது நின்றது. நான் முதலில் பார்த்தது காதை, பிறகு முதுகில் வெள்ளைக் கோடு, கடைசியாகத்தான் முறுக்கிய கொம்பு. நம் ஹோர்ட்டன் சமவெளியில் கார் நிறுத்துமிடத்துக்கு வந்து பிஸ்கட்டுக்கு நிற்கும் மரையெல்லாம் இதன் முன்னால் கன்று. மாமா தன் சொந்தத் துப்பாக்கியால் ஒரே குண்டு, தோளுக்குப் பின்னால். முப்பது அடிகூட ஓடவில்லை.

அதற்குப் பிறகுதான் போட்டோ வேலை. மூக்கில் வடிந்த இரத்தத்தைத் தண்ணீர் விட்டுத் துடைத்து, வெளியே தொங்கிய நாக்கை உள்ளே தள்ளி, முன்காலை மடித்து, வயிற்றுப் பக்கம் புல்லை மிதித்துப் படுக்க வைத்து. எல்லாம் பெரியவரும் பி.எச்சும். பிறகு பெரியவர் தானாகவே தள்ளிப் போய் நின்றார். யாரும் போகச் சொல்லவில்லை. நான் அவரைக் கூப்பிட்டேன். மாமாவும், "வாங்க, வாங்க" என்று தமிழிலேயே கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் குந்த வைத்தார். பெரியவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். நான்கைந்து படம் எடுத்தேன்.

இரவு குடும்ப வட்சப் குரூப்பில் மாமா போட்ட படத்தைப் பார்த்தேன். மாமா, குடு, துப்பாக்கி. இடது ஓரத்தில் ஒரு பச்சை முழங்காலின் நுனி. கேட்டேன். "கொம்பு பெருசா தெரியணும்ல, அதான் வெட்டினேன்" என்றார். நான் முழுப் படத்தைப் போட்டு, கீழே 'இவர்தான் கண்டுபிடிச்சவர்' என்று எழுதினேன். பதினான்கு பேர் மாமாவுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். அக்கா மட்டும், "அந்த ஐயா யாரு?" என்று கேட்டிருந்தார்.

பணமுடிப்பு கொடுக்கும் நேரத்தில் மாமா பெரியவருக்குக் கொடுத்த உறை மற்றவர்கள் கொடுத்ததைவிடத் தடிப்பாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு. கட்டுநாயக்க – ஹட்டன்

வட்டவளைக்கு அருகில் மண் சரிந்து ஒரு வழிப் பாதை, இரண்டு மணி நேரம் வரிசை. வடை விற்கிறவர் வரிசையோடு நடந்து வந்தார், மூன்று வடை வாங்கினேன்.

அங்கே நின்றபோதுதான் மாமா போன் எடுத்தார். தோலையும் கொம்பையும் மருந்தில் நனைத்துப் பெட்டி அடித்து, மிருக வைத்தியர் சான்றிதழோடு ஒஸ்லோவுக்கு அனுப்பும் செலவு குடுவின் விலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டதாம், அதற்கு மேல் தலையைப் பாடம் பண்ணும் கூலி தனி. மாமியோ, அந்தத் தலை வீட்டுக்குள் வந்தால் தான் வெளியே போவதாகச் சொல்லிவிட்டார். "டேய், உங்க வீட்டு முன்னறையில மாட்டுவோமா? அம்மாவும் பாக்கலாம்ல." எங்கள் முன்னறை பத்துக்குப் பத்து, கொம்பே நாலடி. முதலில் வனஜீவராசிகள் திணைக்களத்தில் அனுமதி கேட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார். அம்மாவிடம் நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.